துளையிட்ட தகடும் தாங்கும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கப்பலின் இரட்டை அடித்தளத்தைப் பற்றிய பதிலோடு, கட்டுமானத் தளத்தில் எடுத்த படம் ஒன்றும் வெளியாகியிருந்தது. அந்தப் படத்தில் தெரிந்த பெரிய துளைகளைப் பற்றிச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை கப்பலிலும் விமானத்திலும் எடையைக் குறைக்கும் கட்டமைப்புகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: லாரி சேஸியின் மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் துளை போடவே கூடாது என்பது எங்கள் பட்டறையில் முதல் பாடம். மீறிப் போட்டால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். நீங்கள் வெளியிட்ட படத்திலோ ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன. விமான இறக்கையின் உள்ளேயும் அப்படித்தான் இருக்குமாம். இது எப்படிச் சரியாகும்?
(லாரிப் பட்டறை நடத்தும் வாசகர், சங்ககிரி)

பதில்: உங்கள் பட்டறையின் விதியும் கப்பல் கட்டுபவர் போடும் துளையும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. சேஸியின் நீளச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பக்கவாட்டில் சாய்த்து வைத்த ‘ப’ எழுத்தைப் போல, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் நடுத்தகடு என்று இருக்கும். பாரம் ஏறிச் சட்டம் நடுவில் தொய்யும்போது மேல் பட்டை நெருக்கப்படுகிறது, கீழ்ப் பட்டை இழுக்கப்படுகிறது. மேலிருந்து கீழே வர வர நெருக்கம் குறைந்துகொண்டே வந்து, ஒரு மட்டத்தில் ஒன்றுமில்லாமல் போய், அதற்குக் கீழே இழுவையாக மாறுகிறது. அந்த மட்டத்துக்கு நடுநிலை அச்சு என்று பெயர். வளைவால் உண்டாகும் விசையைப் பொறுத்தவரை, அந்த அச்சை ஒட்டியிருக்கும் உலோகம் ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. பட்டையில் போடும் துளை முழு வேலை செய்யும் உலோகத்தை எடுத்துவிடுகிறது. நடுத்தகட்டின் மையத்தில் போடும் துளை சும்மா இருக்கும் உலோகத்தை எடுக்கிறது. லாரி நிறுவனங்கள் பாடி கட்டுபவர்களுக்குத் தரும் கையேடுகளிலும், துளை தேவையென்றால் பட்டைகளிலிருந்து தள்ளி நடுத்தகட்டில் போடும்படிதான் எழுதியிருக்கும்.

கப்பலின் இரட்டை அடித்தளத்தில் வெளி அடித்தகடு கீழ்ப் பட்டையாகவும் உள் அடித்தகடு மேல் பட்டையாகவும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே குறுக்காக நிறுத்தி வெல்டிங் செய்யப்படும் தகட்டைக் கப்பல் தளத்தில் ‘ஃப்ளோர்’ என்பார்கள். படத்தில் துளைகளோடு தெரிந்தது அதுதான். 12 மி.மீ. கனமுள்ள தகட்டில் 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் உள்ள நீள்வட்டத் துளை ஒன்றை வெட்டினால் சுமார் 18 கிலோ எஃகு வெளியே வருகிறது. நூறு துளைக்கு 1.8 டன். கப்பலின் சொந்த எடையில் குறையும் ஒவ்வொரு டன்னுக்கும் அதே அளவு சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம் என்பதால், இது துறைமுகத்துக்குத் துறைமுகம் காசாகும் கணக்கு.

ஆனால் நடுத்தகடு முழுவதுமே சும்மா இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒன்றையொன்று வழுக்கிப் போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அந்த வெட்டு விசை நடுநிலை அச்சருகேதான் அதிகமாக இருக்கும். ஆகவே தாங்குமிடங்களுக்கு அருகிலும், மேலே தூண் வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழேயும், வெட்டு விசை உச்சத்தில் இருப்பதால், அங்கே துளை போடுவதைத் தவிர்ப்பார்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் சுற்றிலும் தகட்டைத் தடிப்பாக்குவார்கள். துளையின் உயரம் தகட்டின் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் கப்பல் கட்டுமானத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதிகளில் பொதுவாகக் காணப்படும் வரம்பு.

சரக்குக் கப்பலில் காணும் துளைகள் எல்லாம் எடைக்காகப் போட்டவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரட்டை அடித்தளத்துக்குள் வெல்டரும் பெயின்ட் அடிப்பவரும் ஆய்வாளரும் தவழ்ந்து போய்வர வழி வேண்டும். பெரிய நீள்வட்டங்கள் அதற்கும் உதவுகின்றன. தகட்டின் கீழ் விளிம்பில் இருக்கும் சிறு துளைகள், தேங்கும் நீர் பம்பின் வாய்க்கு ஓடிவருவதற்கானவை. மேல் விளிம்பில் இருப்பவை, தொட்டி நிரம்பும்போது காற்று சிறைப்படாமல் வெளியேறுவதற்கானவை. மூலைகளில் அரைவட்டமாகக் கடித்தெடுத்தது போல் இருப்பவை, குறுக்கே செல்லும் வெல்டிங் அறாமல் தொடர்வதற்கானவை. என்னைக் கேட்டால், சாதாரண சரக்குக் கப்பலில் எடைக் குறைப்பு இரண்டாம் காரணம்தான். ஆள் போய்வருவதே முதல் காரணம்.

விமானத்தில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இறக்கையின் விலா எனப்படும் தகடு பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவிலான அலுமினியக் கலப்பு உலோகம்தான். அதில் 100 மி.மீ. விட்டமுள்ள துளை போட்டால் கிடைப்பது 22 கிராம் மட்டுமே. ஒரு விலாவுக்கு ஆறு துளை, ஓர் இறக்கைக்கு முப்பது விலா என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கு கிலோ. அந்த நான்கு கிலோவுக்காக ஒவ்வொரு துளைக்கும் தனி அச்சு செய்து அழுத்துகிறார்கள். துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால், தகடு அங்கே வெட்டுண்டு முடியாமல், சுற்றிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடிந்திருப்பது தெரியும். அகலம் சொற்பந்தான்; ஆனால் துளையை ஈடுகட்டுவது அந்த மடிப்பே. மெல்லிய தகடு அறுந்து கெடுவதற்கு வெகு முன்பாகவே நெளிந்து கெட்டுவிடும். மடித்த ஓரம் அந்த நெளிவைத் தடுக்கிறது. 12 மி.மீ. கப்பல் தகட்டுக்கு அது பொருந்தாது. அங்கே துளைக்குப் பக்கத்தில் பட்டை இரும்பை நிறுத்தி வெல்டிங் செய்துவிடுவார்கள்.

கேள்வி: துளைகள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மட்டும் இருப்பது ஏன்? சதுரமாக வெட்டினால் இன்னும் அதிக எடை குறையுமே!
(பொறியியல் மாணவி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: குறையும், ஆனால் சதுரத்தின் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இழுக்கப்படும் தகட்டில் விசை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவிச் செல்கிறது. நடுவில் துளை குறுக்கிட்டால் அது துளையின் இரு பக்கமும் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அப்படி ஒதுங்கும்போது துளையின் விளிம்பில் நெரிசல் உண்டாகிறது. அகன்ற தகட்டிலுள்ள வட்டத் துளையின் விளிம்பில் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ. உலோகமும் தாங்கும் விசை, சராசரியைப் போல் மூன்று மடங்காகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-ல் காட்டினார். 1913-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ், கப்பல் வடிவமைப்பாளர்களின் சங்கத்தில் படித்த கட்டுரையில் அதை நீள்வட்டத்துக்கும் விரித்துக் காட்டினார்.

இங்லிஸின் வாய்பாட்டைத் தாளில் போட்டுப் பாருங்கள். விசைக்குக் குறுக்கே கிடக்கும் அச்சை விசையோடு போகும் அச்சால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வட்டத்துக்கு 3 வரும். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கான நீள்வட்டத்தை விசைக்குக் குறுக்கே கிடத்தினால் 5 வரும். அதையே விசையின் திசையில் திருப்பி வைத்தால் 2 ஆகிவிடும். எடுக்கும் உலோகத்தின் அளவு மாறவில்லை. திருப்பி வைத்ததில் மட்டும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கப்பலின் மேல்தளத்தில் நீள்வட்டத் திறப்புகளை முன்பின்னாக நீட்டி வைப்பதற்கு இதுவே காரணம். அலைகளின் மேல் கப்பல் வளையும்போது மேல்தளத்தில் விசை நீளவாட்டில்தான் ஓடும். குறுக்கே கிடக்கும் நீள்வட்டம் மேலும் மேலும் ஒடுங்கி விரிசலைப் போல் ஆகும்போது அந்த எண் எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கூர்மையான மூலையின் ஆபத்து அதுதான்.

இந்தக் கணக்கு அச்சேறி முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் அதை மறந்ததற்கு விலை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ரிவெட் ஆணிகளுக்குப் பதில் வெல்டிங் முறையில் லிபர்ட்டி என்னும் சரக்குக் கப்பல்கள் 2,710-ஐக் கட்டித் தள்ளியது. ரிவெட் கப்பலில் ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு ஏறி நிற்க வேண்டும். அந்த மேல்பொருத்தமும் ஆயிரக்கணக்கான ஆணித் தலைகளும் வெல்டிங்கில் தேவையில்லை என்பதால் எடையும் நேரமும் மிச்சம். ஆனால் பழைய கப்பலில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அதன் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் கப்பல் முழுவதும் ஒரே தகடாகிவிடுவதால் அதற்கு நிற்க இடமில்லை. சரக்கறை வாயின் சதுர மூலைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள் குளிர்ந்த கடலில் பல கப்பல்களைப் பிளந்தன. இதே முறையில் கட்டப்பட்ட ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரியில் துறைமுகத்தில் கட்டி நின்றபோதே நடுவில் பிளந்துவிட்டது. குளிரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மையை அடைகிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டினார். மூலைகளை வளைவாக்கி, விரிசலை நிறுத்த ரிவெட் அடித்த பட்டைகளையும் பிறகு சேர்த்தார்கள்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் கதையையும் நீங்கள் படித்திருக்கலாம். 1954-ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலின் மேல் பறக்கையில் சிதறின. ‘சன்னல் சதுரமாக இருந்ததால் உடைந்தது’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. சன்னல்களின் மூலைகள் வளைவாகவே இருந்தன, ஆனால் அந்த வளைவு போதவில்லை. கடலிலிருந்து மீட்கப்பட்ட துண்டில் விரிசல் தொடங்கியிருந்த இடம் பயணிகளின் சன்னலே அல்ல. கூரையில் வானொலித் திசைகாட்டியின் ஆன்டெனாவுக்காக விட்டிருந்த திறப்பின் மூலையருகே இருந்த ஆணித் துளை. இன்னொரு காமெட்டை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். அது ஏற்கெனவே பறந்திருந்த தடவைகளையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் முறைகளில் கிழிந்துவிட்டது. ஒருமுறை ஏற்றும் அழுத்தத்தை எளிதாகத் தாங்கும் தகடு, அதையே ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கும்போது களைத்து விரிசல் விடும் என்பது அதன் பிறகுதான் விமானத் துறைக்கு நன்றாக உறைத்தது.

இதில் நீங்கள் ரசிக்கக்கூடிய ஒன்றும் உண்டு. தகட்டில் சிறு விரிசல் கண்டால் அதன் நுனியில் ஒரு வட்டத் துளை போடுவது பழுதுபார்ப்பவர்களின் பழைய உத்தி. கூரிய நுனி வட்டமாகிவிடுவதால், முறையான பழுதுபார்ப்பு வரை விரிசல் அங்கே தாமதிக்கிறது.

கேள்வி: சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் லாரி லாரியாக மேட்டூருக்கு இறங்கியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்த அலுமினியத்தைக் கொண்டு விமானம் கட்ட முடியுமா?
(காப்பித் தோட்ட வாசகர், ஏற்காடு)

பதில்: அப்படியே எடுத்துக் கட்ட முடியாது. சேர்வராயனின் உச்சிச் சமவெளிகளில் சார்னோகைட் பாறை காலங்காலமாக மழையில் ஊறிச் சிதைந்ததில் மிஞ்சிய படிவுதான் அந்த பாக்சைட். அதிலிருந்து முதலில் அலுமினாவையும், பிறகு மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். மேட்டூரில் மால்கோ ஆலை செய்தது அதுவே. இப்படிக் கிடைக்கும் தூய அலுமினியத்தின் அடர்த்தி எஃகினதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், அது கையால் வளைக்கும் அளவுக்கு மென்மையானது.

அதை விமானத்துக்குத் தகுதியாக்கியவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர். ஏறக்குறைய 4 சதவீதம் செம்பும் அரை சதவீத அளவில் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்தபோது அது உடனே கடினமாகவில்லை. சில நாள் சும்மா வைத்திருந்த பிறகு தானாகவே கடினமாகியிருந்தது. உள்ளே செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து, உலோக அடுக்குகள் வழுக்காமல் தடுப்பதே காரணம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. 1909 முதல் டூராலுமின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த உலோகம், தூய அலுமினியத்தைப் போல் நான்கைந்து மடங்கு இழுவையைத் தாங்கும். வாயுவால் மிதக்கும் செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடுகளும், 1919-ல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13 விமானமும் அதில்தான் கட்டப்பட்டன. அதைக் கட்டிய யுங்கர்ஸ் தம் விமானங்களின் மேல்தகட்டை நெளிநெளியாக வைத்தார். கனத்தைக் கூட்டாமலே விறைப்பு கிடைத்தது, ஆனால் காற்றின் இழுப்பு கூடியதால் பிறகு வந்தவர்கள் வழவழப்பான தகட்டின் உள்பக்கத்தில் நீளச் சட்டங்களை ரிவெட் செய்யும் முறைக்கு மாறிவிட்டார்கள்.

உங்கள் மலையின் தூய அலுமினியத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. செம்பு கலந்ததால் டூராலுமின் உப்புக் காற்றில் எளிதில் அரிக்கப்படும். ஆகவே அந்தத் தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக உருட்டி ஒட்டுகிறார்கள். பெயின்ட் இல்லாமல் பளபளக்கும் பழைய விமானங்களில் கண்ணுக்குத் தெரிவது அந்தப் போர்வையே.

கேள்வி: நம் மேக்னசைட்டிலிருந்து மெக்னீசியம் எடுத்தால் அது அலுமினியத்தைவிட இலேசாயிற்றே?
(வாசகர், மேக்னசைட் ஜங்ஷன் அருகிலிருந்து)

பதில்: இலேசுதான். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மெக்னீசியத்தினது 1.74. ஹெலிகாப்டர்களின் கியர்பெட்டி உறைகளில் மெக்னீசியக் கலப்பு உலோகங்கள் இன்றும் உண்டு. ஈரத்தில் வெகுவாக அரிபடும், சீவல்கள் எளிதில் தீப்பற்றும் என்னும் இரண்டு குறைகளால் அது விமான உடலில் பெரிதாக இடம்பிடிக்கவில்லை. சேலத்து மேக்னசைட் பெரும்பாலும் உலைகளுக்கான தீச்செங்கல்லாகத்தான் போகிறது. அந்த வேலைக்கு அதை மிஞ்சுவது கடினம்.

கேள்வி: கப்பலை முழுக்க அலுமினியத்திலேயே கட்டிவிட்டால் என்ன? அலுமினியப் போர்க்கப்பல்கள் தீப்பற்றி உருகிவிட்டன என்று படித்தேனே, உண்மையா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்)

பதில்: சிறிய விரைவுப் படகுகளை முழுக்க அலுமினியத்தில் கட்டுகிறார்கள். பெரிய கப்பலில் விலை ஒரு தடை, விறைப்பு இன்னொரு தடை. அலுமினியத்தின் எடை எஃகினதில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு விறைப்பு வேண்டுமென்றால் தகடு தடிப்பாக வேண்டும், கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

ஆனால் கப்பலில் எடையைக் குறைப்பதோடு, அதை எந்த உயரத்தில் குறைக்கிறோம் என்பதும் முக்கியம். மேலே இருக்கும் எடை கப்பலைக் கவிழ்க்கப் பார்க்கும். கடற்படை ஒப்பந்தங்கள் கப்பல்களின் எடைக்கு வரம்பு விதித்திருந்த காலத்தில், ஜப்பான் 600 டன்னுக்கும் குறைவான கப்பல்களில் ஆயுதங்களை மேலே மேலே அடுக்கியது. அவற்றில் ஒன்றான டொமோசுரு 1934 மார்ச்சில் புயலில் கவிழ்ந்தது. அதே காரணத்தால், மேற்கட்டுமானத்தில் குறைக்கும் ஒரு டன்னுக்கு, அடித்தளத்தில் குறைக்கும் ஒரு டன்னைவிட மதிப்பு அதிகம். 1952-ல் அட்லாண்டிக் கடலைக் கடப்பதில் வேகச் சாதனை படைத்த யுனைடெட் ஸ்டேட்ஸ் என்னும் பயணிகள் கப்பலின் மேற்கட்டுமானத்துக்குச் சுமார் 2,000 டன் அலுமினியம் செலவானது. அதன் உடல் எஃகு.

இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம்போல் ஆகி அலுமினியம் அரிபட்டுக் கரையும். இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்யவும் முடியாது. முற்காலத்தில் நடுவே காப்புப் பொருளை வைத்து ரிவெட் அடித்தார்கள். இப்போது வெடிமருந்தின் அதிர்ச்சியால் ஒரு பக்கம் எஃகும் மறுபக்கம் அலுமினியமுமாகப் பிணைத்த பட்டை கிடைக்கிறது. அதன் கீழ்ப்பக்கத்தை எஃகுத் தளத்தோடும் மேல்பக்கத்தை அலுமினியச் சுவரோடும் வெல்டிங் செய்துவிடுகிறார்கள்.

தீயைப் பற்றிக் கேட்டீர்கள். அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவின் பெரும்பகுதியை இழந்துவிடும். 1975 நவம்பரில் பெல்க்னாப் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் கென்னடி விமானந்தாங்கியோடு மோதியபோது, மேலிருந்து கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டு அதன் அலுமினிய மேற்கட்டுமானம் உருக்குலைந்தது உண்மை. பிறகு வந்த ஆர்லி பர்க் வகைக் கப்பல்களில் அமெரிக்கா மேற்கட்டுமானத்துக்கு எஃகுக்கே திரும்பியது. ஆனால் 1982 ஃபாக்லாந்து போரில் ஏவுகணை தாக்கி எரிந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஷெஃபீல்டையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது தவறு. அதன் மேற்கட்டுமானம் எஃகுதான். எத்தனையோ முறை மறுக்கப்பட்ட பிறகும் அந்தக் கதை இன்னும் பத்திரிகைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் கடற்படை வேறு வழியில் போயிருக்கிறது. கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2017 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். கில்டனின் மேற்கட்டுமானம் கார்பன் இழையைப் பிசினில் பதித்த கூட்டுப்பொருளால் ஆனது. அதே வகையில் முன்னால் வந்த கமோர்ட்டாவுக்கு அந்த வசதி இல்லை. மேல் எடை குறைவதோடு, கூட்டுப்பொருளுக்குத் துருவும் இல்லை.

கேள்வி: சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகால் விமானம் கட்டலாமா?
(வாசகர், இரும்பாலை)

பதில்: எடையைப் பொறுத்தவரை பயனில்லை, சாதாரண எஃகைவிட அது ஒரு பங்கும் இலேசல்ல. வெப்பம் தாங்க வேண்டிய இடத்தில் மட்டுமே எஃகு வெல்லும். ஒலியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பறந்து சூடேறும் மிக் 25 போர்விமானத்தின் உடலில் பெரும்பகுதியை நிக்கல் கலந்த எஃகில் கட்டியது அதனால்தான்.

கேள்வி: காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து முதல்முறையாகப் பறந்தேன். காலுக்கடியில் தரை அட்டையைப் போல் இலேசாக ஒலித்ததும் பயந்துவிட்டேன். அது எதனால் ஆனது?
(வாசகி, ஓமலூர்)

பதில்: பயப்படத் தேவையில்லை. விமானத் தரைப் பலகைகள் பொதுவாக இரண்டு மெல்லிய இழைத் தகடுகளும், நடுவே பிசினில் தோய்த்த காகிதம்போன்ற பொருளால் ஆன தேன்கூட்டு அறைகளுமாகச் செய்யப்படுகின்றன. உள்ளே பெரும்பகுதி காற்றுதான். ஒலி அப்படி வருவதற்கும் அதுவே காரணம்.

இதன் ஆதாயத்தைப் பள்ளிக் கணக்கிலேயே காட்டலாம். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் கனத்தைப் பொறுத்தது. அதாவது தடிமனைத் தன்னோடு மூன்று முறை பெருக்க வேண்டும். ஒரு தகட்டை இரண்டு சரிபாதி ஏடுகளாகப் பிளந்து, நடுவே தகட்டின் தடிமன் அளவுக்கே தேன்கூட்டை வைத்தால், மொத்தத் தடிமன் 2 ஆகிறது. இரண்டின் கனம் 8; காலியாக உள்ள நடுப்பகுதிக்கு 1-ஐக் கழித்தால் 7. எடை கூடியது சொற்பம், விறைப்பு ஏழு மடங்கு. மொத்தத் தடிமன் 4 ஆகும்படி விலக்கினால் 64-லிருந்து 27 போக 37 மடங்கு. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், இலேசான பால்சா மரத்தை நடுவில் வைத்து இரு பக்கமும் பிர்ச் ஒட்டுப்பலகையால் மூடியது. இதே கணக்குத்தான் அதிலும். குறை என்னவென்றால், கூரான பொருள் விழுந்து மேலேடு பொத்துக்கொண்டால் அறைகளுக்குள் ஈரம் புகும். ஏடும் கூடும் பிரிந்துவிட்டால் ஏழு மடங்கு என்ற கணக்கே மறைந்துவிடும். அதனால்தான் பராமரிப்பவர்கள் இப்பலகைகளைத் தட்டிப் பார்த்து, ஒலி மந்தமாகும் இடத்தைத் தேடுகிறார்கள்.

காமலாபுரத்துக்கு வந்து போகும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் தரையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதன் இறக்கையின் வெளிப்பகுதியில் பாரத்தைத் தாங்கும் பெட்டி போன்ற கட்டமைப்பு கார்பன் இழையால் ஆனது. 1989-ல் சேவைக்கு வந்தபோது, பயணிகள் விமானத்தின் இறக்கையில் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. இன்று போயிங் 787-ன் எடையில் பாதி கூட்டுப்பொருள்தான்.

கேள்வி: எத்தனை விளக்கம் சொன்னாலும், எடையைக் குறைப்பது பாதுகாப்பைக் குறைத்துக் காசு பார்ப்பதுதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்)

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, வரலாற்றில் அதற்குச் சான்றும் உண்டு. ஆர் 38 என்னும் பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல், உயரத்தில் பறக்க வேண்டுமென்று எலும்புக்கூட்டை மிகவும் இலேசாக்கிக் கட்டப்பட்டது. 1921 ஆகஸ்ட் 24 அன்று ஹல் நகரையொட்டிய ஆற்றின் மேல், சுக்கானைக் கடுமையாகத் திருப்பிச் சோதித்தபோது நடுவில் முறிந்து விழுந்தது. 49 பேரில் 44 பேர் மாண்டார்கள். அப்படித் திரும்பும்போது காற்று உடலை எவ்வளவு வளைக்கும் என்பதை வடிவமைப்பில் கணக்கிட்டிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அங்கே குற்றம் எடையைக் குறைத்ததில் இல்லை. எந்த விசைக்காகக் குறைக்கிறோம் என்று அறியாமல் குறைத்ததில் இருந்தது.

இன்றைய விமானத்துக்கு விதி கண்டிப்பானது. அதன் வாழ்நாளில் எதிர்பார்க்கக்கூடிய உச்ச விசையைப் போல் ஒன்றரை மடங்கை உடல் முறியாமல் தாங்க வேண்டும். இறக்கையைக் கம்பிவடங்களால் மேல்நோக்கி வளைத்து இதைச் சோதிப்பதை நீங்கள் காணொளிகளில் பார்த்திருக்கலாம். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் வைக்கும் உபரி வலுவைவிட அது குறைவுதான். அதிகமாக வைத்தால் விமானம் கனத்துப்போகும். கனத்த விமானத்துக்குப் பெரிய இறக்கை வேண்டும், பெரிய எஞ்சின் வேண்டும், கூடுதல் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எடை வேண்டும் என்று அது வளர்ந்துகொண்டே போகும். உபரி வலு குறைவாக இருப்பதை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு ஆணித் துளையையும் காலம் தவறாமல் ஆய்வு செய்கிறார்கள். காசு பார்ப்பவர்கள் கை வைக்க ஆசைப்படும் இடம் தகட்டின் கனமல்ல, இந்த ஆய்வுகள்தான் என்பது என் எண்ணம். உங்கள் கவலையை அந்தப் பக்கம் திருப்பினால் நான் உங்களோடு இருக்கிறேன்.

கேள்வி: விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பதால்கூட எடை கூடுமாமே?
(பெயின்ட் கடை வாசகர், கொண்டலாம்பட்டி)

பதில்: கூடும். பெரிய விமானத்தில் அது நூற்றுக்கணக்கான கிலோ வரை போகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் விமானங்களைப் பெயின்ட் இல்லாமல் மெருகேற்றிய அலுமினியமாகவே பறக்கவிட்டது. மெருகு குன்றாமல் அடிக்கடி தேய்க்கும் செலவு எரிபொருளில் மிச்சமானதை ஓரளவு தின்றுவிட்டது. 2013-ல் அந்நிறுவனமும் பெயின்ட்டுக்கு மாறியது. அடுத்து வாங்கவிருந்த 787 போன்ற கார்பன் இழை விமானங்களை வெயிலில் வெற்றுடம்பாக விட முடியாது. புற ஊதாக் கதிர் பட்டால் பிசின் கெட்டுவிடும்.